அடித்தகட்டில் ஒரே ஒரு நம்பர்

ஒரு கடை ஷட்டரின் அடித்தகடு எட்டடி நீளம். பூட்டுக்கு ஒரு சாண் போகட்டும். கைப்பிடிகளுக்கு இரண்டு சாண் போகட்டும். மிச்ச இடத்தில் ஒரு நம்பர் என்ன, தெருவில் இருக்கிற அத்தனை பேர் நம்பரையும் அடிக்கலாம். ஆனால் சகலை அடித்தது ஒரே ஒரு நம்பர். அவருடைய நம்பர். "ரெண்டு நம்பர் போட்டா ஜனங்க குழம்பிடுவாங்க, சகலை" என்று சொல்லிவிட்டு, இரும்பு அச்சுகளை ஒவ்வொன்றாக வைத்துச் சுத்தியலால் டங் டங்கென்று பத்து அடி அடித்து முடித்தார். வெல்டிங் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக்கொண்டு வெல்டர் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். பதினேழு வருஷம் ஆகிவிட்டது. அந்தப் பத்து அடியும் இன்னும் அவன் காதுக்குள்தான் இருக்கிறது.

அக்காவைச் சகலை கட்டினார், தங்கையை வெல்டர் கட்டினான். "சகலைன்னா என்ன? ஒரே மாமனார்கிட்ட மாட்டிக்கிட்ட ரெண்டு பேர்" என்று அவரே விளக்கம் சொல்லுவார். மாட்டிக்கொண்ட இரண்டு பேரும் சேர்ந்து ஒரு பட்டறை போட்டார்கள். தகரக் கூரை, மண் தரை, வாசலில் ஒரு வேப்பமரம். அளவெடுப்பதும், ஸ்பிரிங் முறுக்குவதும், வருகிறவர்களிடம் பேசுவதும் சகலையின் வேலை. இரும்போடு இரும்பைப் பற்றவைப்பது வெல்டர் வேலை. அவன் ஆறாவதோடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன். பேச்சும் அவ்வளவாக வராது. நெருப்பைப் பார்த்துப் பார்த்து மனுஷர் முகம் பார்க்கிற பழக்கமே விட்டுப்போயிற்று என்று அவன் பெண்டாட்டி சொல்லுவாள்.

ஷட்டரை மாட்டி முடித்ததும் சகலை ஒரு வித்தை காட்டுவார். கடைக்காரரைக் கூப்பிட்டு, "உங்க சுண்டு விரலைக் குடுங்க" என்பார். அந்த ஒற்றை விரலை அடித்தகட்டில் கொடுத்துத் தூக்கச் சொன்னால், அவ்வளவு பெரிய இரும்பும் குழந்தை கையைத் தூக்கிக்கொண்டு எழுந்திருக்கிற மாதிரி மேலே போகும். கடைக்காரருக்கு வாயெல்லாம் பல். "உங்க கை பட்டா இரும்பும் பஞ்சாயிடுதுங்க." சகலை சிரிப்பார். ஏணியைப் பிடித்துக்கொண்டு நிற்கிற வெல்டரை யாரும் திரும்பிப் பார்த்ததில்லை. ஷட்டர் சுருளுகிற குழாயை இரண்டு பக்கமும் தாங்குவது பிராக்கெட் என்கிற முட்டுத்தகடு. மொத்த பாரமும் அதில்தான். அதைப் பற்றவைத்தவன் வெல்டர். அது மேலே பெட்டிக்குள் போய் மறைந்துவிடும். மறைந்ததை யார் மெச்சப்போகிறார்கள்? நம்பர்தான் கீழே, கண்ணுக்கு நேராக இருக்கிறது.

பட்டறை ஒன்பது வருஷம் ஓடியது. ஒன்பதாவது வருஷம் அடைமழை. கூரை ஒழுகி, வெல்டிங் ராடு இருந்த பெட்டிகளில் இரண்டு நனைந்துபோயின. அந்தச் சமயம் பார்த்து வெல்டர் பெண்டாட்டி ஆஸ்பத்திரியில் கிடந்தாள். ஆறாம் மாசம், வயிற்றில் இருந்தது தங்கவில்லை. வெல்டர் காலையில் அங்கே, மத்தியானம் பட்டறை, சாயங்காலம் மறுபடி அங்கே என்று காலில் சக்கரம் கட்டிக்கொண்டு ஓடினான். நனைந்த ராடுகளை ஒரு அரைநாள் வெயில் அடித்தபோது கூரைமேல் பரப்பிக் காயவைத்தான். தொட்டுப் பார்த்தான், காய்ந்திருந்தது. எடுத்து வேலைக்குப் போட்டான். இதையெல்லாம் யாரிடமும் சொல்லத் தோன்றவில்லை. அவனுக்கு அப்போது வேறு எதுவுமே தோன்றவில்லை.

இரண்டு மாசம் கழித்து ஒரு சாவிக்கடையில் ஷட்டர் விழுந்தது. சாவி வெட்டுகிறவர் காலையில் பாதி தூக்கி உள்ளே நுழையும்போது மொத்தமும் அறுந்து வந்து கணுக்காலில் இறங்கியது. சகலை ஓடினார். போனவர் பொழுது சாய்ந்துதான் திரும்பினார். சட்டையெல்லாம் துருவும் ரத்தமும்.

"என்ன ஆச்சு?" என்றான் வெல்டர்.

"ஸ்பிரிங் போயிடுச்சு" என்றார் சகலை. ஸ்பிரிங் அவர் வேலை. வெல்டர் மேற்கொண்டு கேட்கவில்லை. உண்மையைச் சொன்னால், மனசின் ஒரு மூலையில் கொஞ்சம் சந்தோஷமாகக்கூட இருந்தது. சுண்டு விரல் வித்தைக்காரருக்கும் தப்பு நடக்கும் போலிருக்கிறது.

அதன்பிறகு சகலை பட்டறையில் இருப்பதே இல்லை. சர்வீஸ், சர்வீஸ் என்று சைக்கிளில் பை மாட்டிக்கொண்டு போய்விடுவார். வெல்டரைக் கூப்பிடமாட்டார், வேறு ஒரு வெல்டரை வைத்து வேலை பார்க்கிறார் என்று காதில் விழுந்தது. ஆறு மாசத்தில் பட்டறையையே மூடிவிட்டார். "போதும் சகலை. வேற ஏதாவது பாரு" என்றார். கேட்டதற்கு அவ்வளவுதான் பதில். வெல்டர் பஸ்ஸுக்குக் கூடு கட்டுகிற கம்பெனியில் சேர்ந்தான். சகலை கார் நிறுத்துமிடத்தில் காவலாளியாகப் போய் உட்கார்ந்தார். முதலில் நம்பரில் தன்னைக் கழித்தார், பிறகு வேலையில் கழித்தார் என்று வெல்டர் வீட்டில் சொல்லிக்கொண்டே இருந்தான். "அத்தானைப் பத்தி அப்படிப் பேசாதீங்க" என்பாள் பெண்டாட்டி. "நான் எங்க பேசறேன்? அவர்தான் என்கிட்ட பேசறதில்ல" என்பான்.

பட்டறை போயிற்று. நம்பர் போகவில்லை. அதைத்தான் வெல்டரால் தாங்கவே முடியவில்லை.

பட்டறை நம்பரை சகலை ஒரு பட்டன் போனில் போட்டு வைத்திருந்தார். வீட்டுக்கும் வேலைக்கும் வேறு நம்பர் இருந்தது. ஆனாலும் இதை விடவில்லை. மூணு மாசத்துக்கு ஒரு தரம், இருப்பதிலேயே சின்ன ரீசார்ஜ். அந்தச் சின்னதைக் கம்பெனிக்காரன் எடுத்துவிட்டால், எந்தக் கம்பெனியில் இன்னும் சின்னது இருக்கிறதென்று விசாரித்து, விரல் ரேகை வைத்து, அதே நம்பரை அங்கே மாற்றிக்கொள்வார். எட்டு வருஷத்தில் மூன்று கம்பெனி மாறினார். மாறுகிற அன்றைக்குச் சில மணி நேரம் போன் செத்துக் கிடக்கும். அன்று அவருக்குச் சோறு இறங்காது என்று அக்கா சொல்லிச் சிரிப்பாள். "எனக்குக் காய்ச்சல் வந்தப்பக்கூட இவ்வளவு தவிக்கலை மனுஷன்."

ஒருநாள் ரீசார்ஜ் கடையில் அவருக்குப் பின்னால் வெல்டர் நிற்கும்படி ஆயிற்று. கடையில் இருந்த பெண் அவருக்குப் பெரிய பிளானை விற்கப் பார்த்தாள்.

"அங்கிள், இதுல நெட் இருக்கு. தினமும் நூறு எஸ்எம்எஸ் இருக்கு."

"நூறு எஸ்எம்எஸ்ஸா? எனக்குத் தெரிஞ்சவங்களே நூறு பேர் இல்லையேம்மா."

"நீங்க கேக்கற பிளான்ல யார்கிட்டயும் ரெண்டு வார்த்தைக்கு மேல பேச முடியாது அங்கிள்."

"பேச வேண்டாம். யாராவது கூப்பிட்டா அடிக்கணும். அவ்வளவுதான்."

"யார் கூப்பிடுவாங்க?"

"தெரியாதும்மா."

முதலாளி நினைப்பு இன்னும் போகவில்லை என்று வெல்டர் முடிவுகட்டினான். தன் போனில் அந்த நம்பரை 'முதலாளி' என்றே எழுதி வைத்தான். மாசத்தில் முதல் ஞாயிற்றுக்கிழமை காலை அது அடிக்கும்.

"ஒண்ணுமில்ல சகலை. லைன் இருக்கான்னு பாத்தேன்."

"இருக்கு."

"சரி, வெச்சிடு."

வருஷக்கணக்கில் இதே பேச்சு. "லைன் இருக்கான்னு பாக்க நான் என்ன டவரா?" என்று வெல்டர் பெண்டாட்டியிடம் கத்துவான். வெளியே ஒரு காலாவது போகவில்லை என்றால் நம்பரை எடுத்துக்கொள்வார்களாம், அதற்காகத்தான் கூப்பிடுகிறார் என்றாள் அவள். "அதுக்கு நான்தான் கிடைச்சேனா?" சில மாசம் வேண்டுமென்றே எடுக்காமல் இருப்பான். அப்போது அவள் போன் அடிக்கும். அவளோடும் அதே பேச்சுதான். ஆனால் அவளிடம், "அவன் நல்லா இருக்கானா?" என்று ஒரு கேள்வி கூடுதலாக இருக்கும்.

இந்த வருஷம் சகலைக்கு நுரையீரல் போயிற்று. போயிற்று என்றே டாக்டர் சொல்லிவிட்டார். பெரிய ஆஸ்பத்திரியில் மூன்றாவது மாடி, ஜன்னலோரக் கட்டில். அக்கா ராத்திரியெல்லாம் இருப்பாள். வேலை விட்டதும் வெல்டர் ஒரு நடை வந்துவிட்டுப் போவான். வந்து ஸ்டூலில் உட்கார்ந்து இரண்டு பேரும் ஜன்னலைப் பார்ப்பார்கள்.

ஒருநாள் சகலை தலையணைக்கு அடியிலிருந்து அந்தப் பட்டன் போனை எடுத்து நீட்டினார்.

"இன்னியோட முடியுது சகலை. ரீசார்ஜ் பண்ணிடு. சின்னதா போதும்."

"இந்த நிலைமையில இது எதுக்கு?"

"பண்ணிடேன்."

வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு கிளம்பினான். ரீசார்ஜ் கடைக்குப் போகிற வழியில் ஒரு பாத்திரக்கடை சாத்தியிருந்தது. கால் வலிக்கிறதென்று அதன் படியில் உட்கார்ந்தான். குனிந்தால் காலுக்குப் பக்கத்தில் அடித்தகடு. துரு ஏறி, வருகிறவன் போகிறவன் செருப்பெல்லாம் பட்டுத் தேய்ந்திருந்தது. ஆனாலும் பத்து எண்ணும் பளிச்சென்று தெரிந்தது. மேலே பெட்டிக்குள் இருக்கிற பிராக்கெட் இவன் கைவேலை. கீழே நம்பர் அவருடையது. சாகப்போகிற நேரத்திலும் அந்த நம்பருக்குச் சாமரம் வீச இவன் போகவேண்டுமாம். வெல்டர் எழுந்தான். ரீசார்ஜ் கடைப் பக்கம் போகாமல் நேரே வீட்டுக்குப் போய்விட்டான்.

மறுநாள் சகலை கேட்டார். "போட்டியா?"

"போட்டாச்சு."

போனை அவரிடம் கொடுக்காமல், சார்ஜில் கிடக்கிறது என்று சொல்லித் தானே வைத்துக்கொண்டான். நாள் ஓடியது. இருமல் ஏறிக்கொண்டே போனதால் சகலையும் கேட்கவில்லை.

பதினான்காம் நாள் மத்தியானம் வெல்டர் லீவு போட்டுவிட்டு வந்தான். அக்கா வீட்டுக்குக் குளிக்கப் போயிருந்தாள். சகலை மூக்கில் குழாயோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தார். கண் மட்டும் தெளிவாக இருந்தது.

"ஸ்டூலைக் கிட்ட போடு."

போட்டான்.

"பக்கத்து பெட்டுக்காரர் போனை வாங்கி என் நம்பரை அடிச்சுப் பார்த்தேன். தற்காலிகமா நிறுத்தி வெச்சிருக்காங்களாம். போன்ல பேசற அந்தப் பொண்ணு நல்லா இனிமையாத்தான் சொல்றா."

"மறந்துட்டேன்" என்றான் வெல்டர்.

"மறக்கற ஆளா நீ? பதினேழு வருஷமா ஒண்ணையும் மறக்காம வெச்சிருக்கறவன்." இருமல் வந்தது. நிற்கும்வரை காத்திருந்தார். "தப்பு என் மேலதான். ரெண்டு நம்பரா அடிச்சிருக்கணும். பகட்டு. அப்ப எனக்குப் பகட்டு. அதைப் பெருசா எடுத்துக்கிட்டு நீ இந்த நம்பரை விட்டுடாத. உன்கிட்ட ஒரு விஷயம் சொல்லாமலே போயிடலாம்னு இருந்தேன். இனி முடியாது."

வெல்டர் ஸ்டூல் நுனிக்கு நகர்ந்தான்.

"சாவிக்கடை ஷட்டர் ஸ்பிரிங்கால விழலை. பிராக்கெட் விட்டுப்போச்சு. உடைஞ்ச இடத்தைக் கையில எடுத்துப் பார்த்தேன். உள்ளெல்லாம் பொத்தல். தேன்கூடு மாதிரி இருந்தது."

வெல்டருக்குப் புரிய ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. கூரைமேல் பரப்பிவைத்த ராடுகள் கண்ணுக்கு முன்னால் வந்தன. மேலே காய்ந்திருந்தால் போதாது. ராடின் மேலிருக்கிற பூச்சுக்குள் ஈரம் இருந்தால், நெருப்பில் அது ஆவியாகி இரும்புக்குள்ளேயே பொத்தல் போட்டுவிடும். வெளியே பார்த்தால் வழவழவென்று இருக்கும். இது தொழில் பழகுகிறவனுக்கே தெரியும். அவனுக்கும் தெரியும். ஆஸ்பத்திரிக்கும் பட்டறைக்கும் ஓடிய அந்த மூன்று வாரம் மட்டும் அவனுக்கு எதுவும் தெரியவில்லை.

"நான் காய வெச்சேன்" என்றான்.

"தெரியும். அந்த ரெண்டு பெட்டியில பதினோரு ஷட்டர் போயிருக்கு. நாள் கணக்குப் போட்டுப் பார்த்தேன். சாவிக்கடை ஒண்ணு. ஏழு ஷட்டரைத் தேடிப் பிடிச்சு பிராக்கெட்டை மாத்திட்டேன். பட்டறைக் காசு அதுலயே கரைஞ்சுடுச்சு."

"அதுதான் சர்வீஸா?"

"அதுதான்."

"என்கிட்ட ஏன் சொல்லலை?"

"எப்படிச் சொல்ல? தங்கச்சி வெறும் வயிறோட வீட்டுக்கு வந்து மாசம் ரெண்டுதான் ஆகுது. நீ எங்கயோ பாத்துக்கிட்டு நிக்கற. இதையும் உன் தலையில ஏத்தவா?"

"அதுக்கப்புறம் எட்டு வருஷம் இருந்ததே."

"அதுக்கப்புறம் நீ என்னோட பேசறது மாசத்துக்கு ஒரு வார்த்தை. 'இருக்கு'. அதுல எங்க இடைவெளி விட்ட, நான் சொல்றதுக்கு?"

நர்ஸ் வந்து குழாயைச் சரிபண்ணி, "அதிகம் பேசாதீங்க ஐயா" என்றுவிட்டுப் போனாள். சகலை தலையாட்டினார். அவள் நகர்ந்ததும் மறுபடி பேசினார்.

"மிச்சம் மூணு. அதை ஒரு புரோக்கர் வேன்ல ஏத்திக்கிட்டுப் போனான். எந்த ஊருக்குன்னு நாம கேட்டோமா? அவன் நம்பரை அடிச்சேன். ஒரு டீச்சரம்மா எடுத்தாங்க. அவன் ரீசார்ஜ் பண்ணாம விட்டுட்டான், நம்பரை அவங்களுக்குக் குடுத்துட்டாங்க. பாவம், நாலு தடவை தொந்தரவு பண்ணிட்டேன். அன்னிக்குத்தான் தெரிஞ்சது, நம்பர் போனா ஆளே போன மாதிரின்னு. அந்த மூணு ஷட்டரும் எங்கயோ தினமும் ஏறி இறங்கிக்கிட்டு இருக்கு. எவனோ ஒருத்தன் தினமும் குனிஞ்சு தூக்கறான். அவனுக்கு நம்மளைத் தெரியாது. அவன் கையில இருக்கிறது அடித்தகட்டு நம்பர் ஒண்ணுதான்."

"விழறதுன்னா திடீர்னு விழும். அவன் எங்க கூப்பிடப்போறான்?"

"இல்ல. ரெண்டு நாளைக்கு முன்னாடியே சத்தம் குடுக்கும். தூக்கத்துல பல்லைக் கடிக்கற மாதிரி. சாவிக்கடைக்காரருக்குக் கேட்டிருக்கு. குனிஞ்சு நம்பரைப் பார்த்து என்னைக் கூப்பிட்டிருக்கார்." சகலை கொஞ்ச நேரம் கண்ணை மூடிக்கொண்டார். "போன் போகலை. அந்த வாரம் என் ரீசார்ஜ் முடிஞ்சிருந்தது. நாளைக்குப் பண்ணிக்கலாம், நாளைக்குப் பண்ணிக்கலாம்னு விட்டிருந்தேன். ராடு உன்னுது, போன் என்னுது. அதுலயும் நாம பாதிப் பாதிதான் சகலை."

அவர் சிரிக்கப் பார்த்தார். இருமல்தான் வந்தது.

வெல்டர் படியில் இறங்கினானா உருண்டானா என்று அவனுக்கே தெரியாது. ரீசார்ஜ் கடையில் நாலு பேர் நின்றிருந்தார்கள். இடித்துக்கொண்டு முன்னால் போய்ப் பட்டன் போனை நீட்டினான். "வரிசையில வாங்க" என்று ஒருவர் சத்தம் போட்டார். அந்தப் பெண் கம்ப்யூட்டரில் நம்பரைத் தட்டிப் பார்த்துவிட்டு நிமிர்ந்தாள்.

"நாளையோட போயிருக்கும் அங்கிள். பதினஞ்சு நாள்தான் கெடு. வழக்கமா ஒரு அங்கிள் இதுக்கு வருவாரே, அவர் எங்க?"

"உடம்பு சரியில்ல. சீக்கிரம் போடும்மா."

"சின்னது தானே?"

"சின்னதுதான்."

வெளியே வந்து விளக்குக் கம்பத்தடியில் நின்று, தன் போனிலிருந்து அந்த நம்பரை அடித்தான். ஒன்றுமில்லை. மறுபடி அடித்தான். மூன்றாவது தடவை, சட்டைப்பையில் இருந்த பட்டன் போன் அவன் நெஞ்சின் மேல் அதிர்ந்து கூவியது. கையில் இருந்த போனில் 'முதலாளி' என்று எழுத்து ஓடியது. அதைப் பார்த்துக்கொண்டே நின்றான். பிறகு அந்தப் பேரை அழித்துவிட்டு 'சகலை' என்று போட்டான்.

பட்டன் போனைத் திறந்து பார்த்தான். அவன் அடித்ததைத் தவிர, வந்து நின்றுபோன கால் எதுவும் அதில் இல்லை. இருக்கவும் இருக்காது. செத்துக் கிடந்த போனை யார் கூப்பிட்டாலும் அது எழுதி வைத்துக்கொள்ளாது. இந்தப் பதினான்கு நாளில் எங்கேயாவது ஒருவன் தலைக்கு மேல் பல்லைக் கடிக்கிற சத்தம் கேட்டுக் குனிந்தானா, துருவைத் துடைத்து நம்பரைப் படித்தானா, அடித்துப் பார்த்துவிட்டு, போகட்டும், எண்ணெய் விட்டால் சரியாகிவிடும் என்று நிமிர்ந்தானா? சொல்ல ஆளில்லை. இனி எந்நாளும் வெல்டருக்கு அது தெரியப்போவதில்லை.

வார்டுக்குத் திரும்பினபோது ஜன்னலில் வெயில் மஞ்சளாகியிருந்தது. அக்கா வந்து கால்மாட்டில் உட்கார்ந்திருந்தாள். "எங்க தம்பி போனீங்க இப்படி வேர்க்க வேர்க்க?" என்றாள். வெல்டர் பட்டன் போனைச் சகலையின் கையில் வைத்தான்.

"அடிச்சுதா?" என்றார் அவர்.

"அடிச்சுது."

சகலை அதைத் தடவிப் பார்த்தார். பிறகு வெல்டரின் கையைப் பிடித்து, உள்ளங்கையில் போனை வைத்து, விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிவிட்டார். அச்சுகளை ஒவ்வொன்றாக அடுக்கி வைக்கிற அதே கை. இப்போது அதில் பலம் இல்லை.

"முதல் ஞாயித்துக்கிழமை யாரையாவது கூப்பிட்டுடு" என்றார். "தங்கச்சியைக் கூப்பிடு. ரெண்டு வார்த்தை சேர்த்துப் பேசு."

"சரி."

"சாவிக்கடைக்காரருக்கு ஷட்டரைத் தொட இன்னும் பயம். காலையில டூட்டிக்குப் போற வழியில நான்தான் திறந்துவிட்டுப் போவேன். அதையும் பாத்துக்கோ."

"சரி. பாத்துக்கறேன்."

அக்கா ஒன்றும் புரியாமல் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

வெல்டர் போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். "யாராவது இதுல கூப்பிட்டா நான் யாருன்னு சொல்லட்டும்? ஷட்டர்காரர்னா, வெல்டர்னா?"

மறுநாள் விடியும்போது சகலை இல்லை. அந்தச் சாயங்காலம், மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு, அவர் வெல்டரிடம் கடைசியாகக் கேட்டுக்கொண்டது இதுதான்:

"எதை வேணாலும் சொல்லிக்கோ. ஆனா ஹலோன்னு ஆரம்பிக்காத சகலை, யாரு என்னன்னு கேட்டுக்கிட்டு நிக்காத. எடுத்த உடனே, 'ஷட்டருக்குக் கீழ நிக்காதீங்க, தள்ளிப் போங்க'ன்னு சொல்லு. அவங்க தள்ளிப் போனப்புறம் உன் பேரைச் சொல்லு."